ஆழ அகழ்தலும் அயல்நிலத்தின் அசைவும்

இன்றைய மாநகரங்கள் மேனோக்கி வளர்வது போலவே கீழ்நோக்கியும் வளர்கின்றன. சுரங்க இரயில் நிலையங்களுக்காக 30, 40 மீற்றர் ஆழம் வரையும் நிலம் அகழப்படுகின்றது. அங்ஙனம் அகழுமிடத்து அயலிலுள்ள வீதியும் மாளிகையும் எவ்வளவு அசையும் என்பதை எந்திரவியலார் முன்கூட்டியே கணிக்கும் முறையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

மண்ணை அகற்றுதல் பாரத்தை அகற்றுதலாகும். பாரம் நீங்கவே குழியின் அடி மேலெழும். பக்கத்து மண் குழியை நோக்கித் தள்ளும். தாங்கு சுவர்களும் அவற்றிடையே உதைந்து நிற்கும் உருக்குக் குறுக்குத் தாங்கிகளும் அத்தள்ளலை எதிர்க்கும். எனினும் சுவர் சிறிதேனும் உட்புறம் வளைந்தே தீரும். அதற்கேற்ப வெளியே நிலம் தாழும். நிலத்தடி நீர் குறையின் களிமண் இறுகித் தாழ்வு மேலும் மிகும்.

அமெரிக்க அறிஞர் றால்ப் பெக் பலவிடத்தும் பெறப்பட்ட அளவுகளைத் தொகுத்து 1969 இல் வெளியிட்டார். மணலிலும் வன்களியிலும் இத்தாழ்வு குழியின் ஆழத்தில் நூற்றிலொரு பங்கினுள் அடங்கும் என்றும், மிக மென்மையான களியில் நூற்றில் இரு பங்கையும் விஞ்சலாம் என்றும் அவர் காட்டினார். 20 மீற்றர்க் குழியாயின் அது 40 சதமமீற்றராகும்.

இக்காலத்திற் கணனி இப்பணியை ஏற்றுள்ளது. நிலத்தைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் வலிமையும் விறைப்பும் வகுத்து, மண்ணைப் படிப்படியாக அகற்றுவது போல் அது கணிக்கின்றது. ஆயின், மண்ணின் இயல்பென நாம் எதனைக் கொடுக்கின்றோமோ அதனையே அது மெய்யெனக் கொள்ளும்.

இதன் விளைவைச் சிங்கப்பூரிற் காணலாம். அங்கு 2004 ஆம் ஆண்டு ஏப்பிரில் 20 ஆந் திகதி, நிக்கொல் நெடுஞ்சாலையருகே சுரங்க இரயிற் பாதைக்காக 30 மீற்றர் அளவு ஆழமாக்கப்பட்டிருந்த குழி இடிந்தது. நால்வர் மாண்டனர், நெடுஞ்சாலையும் சரிந்தது. மென்மையான கடற்களி நெருக்குண்ணும்போது அதனுள்ளிருக்கும் நீர் விரைவில் வெளியேற இயலாது; நீரழுத்தம் உயர, மண்மணிகளின் பிடிப்புத் தளரும். கையாண்ட கணிப்பு முறை இத்தளர்ச்சியைக் காட்டாது, களியின் வலிமையை மிகைப்படுத்திற்று. தாங்கிகளைச் சுவரோடு பொருத்திய இணைப்புகளும் வலுக்குறைந்தனவாயிருந்தன. சுவர் கணித்ததினும் மிகுதியாக வளைந்தமையை அளவுகருவிகள் முன்னரே காட்டியிருந்தும், வேலை நிறுத்தப்படவில்லை.

இதற்கு மாறாக, இலண்டனில் 1990களில் யூபிலிப் பாதைக்கு வெஸ்ற்மின்ஸ்ரர் நிலையம் அமைத்தபோது, ஏறத்தாழ 40 மீற்றர் ஆழக் குழியருகே பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரம் நின்றது. அதன் சாய்வை இடையறாது அளந்து, சாய்வு மிகுந்தபோதெல்லாம் அடிநிலத்துட் சீமெந்துக் குழம்பைச் செலுத்திக் காத்தனர். கோபுரம் இன்றும் நிற்கின்றது.

ஆகவே, கணிப்பென்பது நிலத்தைப் பற்றிய ஓர் ஊகமேயாம். அதனை நாடோறும் அளந்து சோதித்தல் வேண்டும். அளவும் கணிப்பும் முரணுமிடத்து வேலையை நிறுத்தி ஆராயும் துணிவு கணிதத் திறமைக்குக் குறைந்ததன்று. எந்திரவியல் பயில விழையும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.