மார்ச்சில் போட்ட கணக்கு, டிசம்பரில் வந்த பண்டிகை

திருவனந்தபுரம் மாவட்டத்து மலைத் தேயிலைத் தோட்டமான போனக்காட்டுக்கு அகஸ்தியர்கூடம் ஏறுகிறவர்கள் வருவார்கள். தவக்காலத்தில் குரிசுமலை என்னும் சிலுவை மலை ஏறுகிறவர்கள் வருவார்கள். குரிசுமலைக்குரிய நாள் பெரிய வெள்ளிதான், கிறிஸ்துமஸ் அல்ல. ஆனால் கிறிஸ்துமஸ் தேதியின் வேரைத் தோண்டினாலும் சிலுவையடியில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இயேசு பிறந்த நாளை நற்செய்திகள் சொல்லவில்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து என்ற கிறிஸ்தவ அறிஞர், சிலர் மே மாதத்தையும் சிலர் ஏப்ரலையும் சொன்னதாக எழுதுகிறார். டிசம்பர் 25 என்று துலக்கமாகக் காட்டும் பழைய சான்று, ரோமில் 354-இல் தொகுத்த நாட்காட்டி. அதிலுள்ள பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு.

ஏன் 25? இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதிவிட்டார். முழுமையான வாழ்வு தொடங்கிய நாளிலேயே முடியும் என்பது அந்தக் கால நம்பிக்கை என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அதன்படி, மரியாள் கருவுற்றதும் மார்ச் 25. ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25! கிழக்கே மரண நாளை ஏப்ரல் 6 என்று வைத்துக்கொண்டவர்களுக்கு அதே கணக்கு ஜனவரி 6-ஐத் தந்தது. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் அதை விடவில்லை.

டிசம்பர் 25 ரோமர்களின் சூரிய விழா, அதைத் திருச்சபை எடுத்துக்கொண்டது என்பார்கள். இருக்கலாம். 274-இல் பேரரசர் அவுரேலியன் சூரியனுக்குக் கோயில் எடுத்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25-ஐச் சூரியனின் விழா நாளாகத் துலக்கமாகக் காட்டும் பழைய சான்றும் அதே 354 நாட்காட்டிதான். தவிர, வானம் நாம் விழாவுக்கு வைத்த தேதிக்குக் காத்திருப்பதில்லை. தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம். சூரியனோ டிசம்பர் 21, 22-லேயே வடக்கே திரும்பிவிடுகிறது.

தேதி பிழைத்துக்கொள்ளும், ஆட்கள்தான் போய்விடுகிறார்கள் என்பதே என் கவலை. சென்னை அரண்மனைக்காரன் தெருவிலேயே 1772-இல் கட்டிய ஆர்மேனியர் ஆலயம் நிற்கிறது. ஜனவரி 6-ஐக் கொண்டாடிய சமூகம் நகரில் இல்லை. போனக்காடும் அந்த வழியில்தான் போகிறது. தேயிலை ஆலை ஓய்ந்து ஆண்டுகள் பலவாயின. தமிழ்நாட்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் வேலை தேடிக் கீழே இறங்கிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் இற்றுக்கொண்டிருக்கின்றன. கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கீதபவனி போவதென்றால் கதவைத் திறக்க வீட்டில் ஆள் வேண்டுமே! ஆதி ரோமில் என்ன நடந்தது என்று ஆண்டுதோறும் சண்டை போடுகிற நமக்கு, இப்படி ஊர் காலியாவது ஒரு விஷயமாகவே படவில்லை.

இந்த டிசம்பரில் போனக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேய் உலவுவதாகச் சொல்லப்படும் பழைய பங்களாவைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். லயத்தில் மிச்சமிருப்பவர்களிடமும் போங்கள், கேக் வாங்கிக்கொண்டு போங்கள்.