கோழிக்குஞ்சுக் கூட்டிற்குப் பாதுகாப்பான வெப்பமூட்டியைத் தெரிவு செய்தல்

மாணவர்களே, கோழிக்குஞ்சு வளர்ப்புப் பற்றி விவசாய பாடத்திலும், வெப்பம், மின்னோட்டம், தகனம் பற்றி விஞ்ஞான பாடத்திலும் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இவை அனைத்தும் ஒன்றுசேரும் இடம் வீட்டின் பின்புறத்திலுள்ள சிறிய குஞ்சுக் கூடாகும். அங்கு தவறான வெப்பமூட்டி வைக்கப்பட்டால் ஒரே இரவில் குஞ்சுகள் யாவும் இறக்கலாம். கிடுகுக் கூரை தீப்பற்றி வீடும் எரியலாம். எனவே இப்பகுதியைப் பரீட்சைக்காக மட்டுமன்றி வீட்டுத் தேவைக்காகவும் கவனமாக வாசியுங்கள்.

1. குஞ்சுகளுக்கு வெப்பம் ஏன் தேவை?

வளர்ந்த கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் ஆகும். பொரித்த குஞ்சினால் தனது உடல் வெப்பநிலையைத் தானே பேண முடியாது. அதற்குரிய காரணங்கள்:

• உடலை மூடியிருப்பது மென்தூவி மாத்திரமே. வெப்பத்தைக் காக்கும் இறகுகள் இன்னும் வளரவில்லை.
• உடல் சிறியதாகையால் கனவளவுடன் ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம். ஆகவே வெப்ப இழப்பு விரைவாக நிகழும்.
• உடல் வெப்பநிலையைச் சீராக்கும் தொழிற்பாடு முதிர்ச்சியடைய இரண்டு, மூன்று வாரங்கள் செல்லும்.

குஞ்சு நிற்கும் மட்டத்தில் இருக்க வேண்டிய அண்ணளவான வெப்பநிலை:

முதலாம் வாரம்: 32 – 35 பாகை செல்சியஸ்
இரண்டாம் வாரம்: 29 – 32 பாகை செல்சியஸ்
மூன்றாம் வாரம்: 26 – 29 பாகை செல்சியஸ்
நான்காம் வாரம்: 23 – 26 பாகை செல்சியஸ்

வாரத்திற்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைக்கப்படுவதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற இடங்களில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 30 பாகையை அண்மித்திருக்கும். எனவே அங்கு முதல் வாரத்தின் பின்னர் இரவில் மட்டும் வெப்பமூட்டினாற் போதுமானது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையே. அங்கு பகலிலும் கூடுதலான நாட்களுக்கு வெப்பமூட்ட வேண்டும்.

2. வெப்பமூட்டிகளின் வகைகள்

அ. அடைக்கோழி: தாயின் உடலைத் தொடுவதால் குஞ்சு கடத்தல் மூலம் வெப்பம் பெறுகிறது. செலவும் தீ அபாயமும் இல்லை. ஆயினும் ஒரு கோழியினால் ஏறத்தாழ 10 குஞ்சுகளையே நன்கு காக்க முடியும்.

ஆ. இழை மின்குமிழ்: உட்கொள்ளும் மின்சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளிவிடும். விளக்கு என்ற வகையில் இது குறைபாடாயினும் குஞ்சுக் கூட்டில் அதுவே பயனாகிறது. இதற்குப் பதிலாக எல்.ஈ.டி. மின்குமிழைப் பொருத்தினால் வெளிச்சம் கிடைக்கும்; போதிய வெப்பம் கிடைக்காது. இன்று பலர் விடும் தவறு இதுவாகும்.

இ. செங்கீழ்க் கதிர் மின்குமிழ்: கதிர்ப்பு மூலம் வெப்பமூட்டும். பெரும்பாலும் 250 வாற்று வலுவுடையது. கண்ணாடி மிகவும் சூடாகும். நீர்த்துளி பட்டால் வெடிக்கலாம்; கூளத்தின் மீது விழுந்தால் தீப்பற்றும். ரெப்லோன் பூச்சுள்ள மின்குமிழ்களைக் கூட்டினுள் பயன்படுத்தலாகாது. அப்பூச்சு சூடாகும்போது வெளிவரும் ஆவி பறவைகளைக் கொல்லக்கூடியது.

ஈ. மின் வெப்பத்தட்டு: குஞ்சுகள் தட்டின் கீழ் நின்று முதுகைத் தொட்டு வெப்பம் பெறும். வலு குறைவு, தட்டின் மேற்பரப்பு தீப்பற்றும் அளவிற்குச் சூடாவதில்லை. தீ அபாயம் மிகக் குறைவாயினும் விலை கூடியது.

உ. மண்ணெண்ணெய் விளக்கு, கரிச்சட்டி: மின்சாரம் இல்லாத இடங்களில் பயன்படும். திறந்த சுவாலை, நச்சு வாயு என்னும் இரண்டு அபாயங்களும் இவற்றில் உண்டு.

3. எத்தனை வாற்று தேவை?

வெப்பமான பிரதேசத்தில் குஞ்சொன்றுக்கு 1 வாற்று, குளிரான பிரதேசத்தில் 2 வாற்று என்பது பொதுவான கணிப்பாகும். மலைநாட்டில் 50 குஞ்சுகளுக்கு 50 × 2 = 100 வாற்று தேவை. இதற்கு ஒரு 100 வாற்று மின்குமிழை விட இரண்டு 60 வாற்று மின்குமிழ்கள் சிறந்தவை. ஒன்று நள்ளிரவில் பழுதடைந்தாலும் மற்றையது எரியும்.

செலவைக் கணிப்போம். 120 வாற்று, அதாவது 0.12 கிலோவாற்று, இரவில் 12 மணித்தியாலம் வீதம் 14 நாட்களுக்கு:

0.12 × 12 × 14 = 20.16 அலகுகள்

250 வாற்று மின்குமிழாயின்:

0.25 × 12 × 14 = 42 அலகுகள்

தேவைக்கு மிஞ்சிய வலு செலவையும் அபாயத்தையும் ஒருங்கே கூட்டுகிறது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

4. உருகி தீயைத் தடுக்குமா?

மாணவர் பலர் “உருகி இருப்பதால் தீ ஏற்படாது” என விடை எழுதுவர். இது சரியா?

250 வாற்று மின்குமிழில், 230 வோல்ற்று வழங்கலில் பாயும் மின்னோட்டம் = 250 ÷ 230 = ஏறத்தாழ 1.1 அம்பியர். இம்மின்குமிழ் அறுந்து உமியின் மீது விழுந்து உடையாமல் எரிந்து கொண்டிருப்பின் மின்னோட்டம் மாறுமா? மாறாது. அதே 1.1 அம்பியரே பாயும். எனவே உருகி உருகாது. மின்னோட்டம் புவிக்குக் கசியாததால் ட்ரிப் சுவிச்சும் விழாது. ஆனால் உமி கருகித் தீப்பற்றும்.

உருகி குறுஞ்சுற்றிலிருந்து வடத்தைக் காக்கும். ட்ரிப் சுவிச் மின் அதிர்ச்சியிலிருந்து மனிதரைக் காக்கும். இரண்டும் அவசியமே. ஆனால் விழுந்த மின்குமிழிலிருந்து காப்பது நாம் அதைத் தொங்கவிடும் முறை மட்டுமே. அதற்காக:

• மின்குமிழை வயரில் தொங்கவிடாது சங்கிலியில் தொங்கவிடுக. வேறோர் இடத்தில் இரண்டாவது கம்பியாலும் கட்டுக.
• கூளத்திலிருந்து குறைந்தது 45 சென்ரிமீற்றர் உயரத்தில் வைக்க. கிடுகு, பலகைச் சுவர் ஆகியவற்றிலிருந்தும் போதிய இடைவெளி விடுக.
• பிளாஸ்திக்குப் பிடிக்குப் பதிலாகப் பீங்கான் பிடியைப் பயன்படுத்துக.
• மின்குமிழைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு பொருத்துக.
• மின்குமிழில் படியும் தூசியை, மின்சாரத்தைத் துண்டித்து ஆறவிட்ட பின்னர் துடைக்க.
• நீர்ப் பாத்திரத்தை மின்குமிழுக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

5. கரிச்சட்டியும் காபனோரொட்சைட்டும்

காற்றோட்டம் குறைந்த இடத்தில் கரி எரியும்போது போதிய ஒட்சிசன் கிடைக்காமையால் குறைதகனம் நிகழ்ந்து காபனோரொட்சைட்டு உண்டாகும். இதற்கு நிறமோ மணமோ இல்லை. ஒட்சிசனை விட 200 மடங்கிற்கும் மேலான நாட்டத்துடன் ஈமோகுளோபினுடன் சேர்வதால் குருதி ஒட்சிசனைக் காவ முடியாது போகிறது. குஞ்சுகள் மட்டுமல்ல, அவற்றைக் காக்க அருகில் உறங்குபவரும் இறக்க நேரிடும். எனவே குளிருக்காகக் கூட்டின் எல்லாப் பக்கங்களையும் சாக்கினால் மூடிவிட்டுக் கரிச்சட்டி வைத்தல் ஒருபோதும் கூடாது. கூரையை அண்டிய பகுதி திறந்திருக்க வேண்டும். வீட்டினுள் உறங்கும் அறையில் இதனை வைக்கவே கூடாது.

2022ஆம் ஆண்டில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 10 மணித்தியாலத்திற்கும் மேலாக மின் துண்டிக்கப்பட்ட நாட்கள் இருந்தன. இத்தகைய வேளையில் வெந்நீர்ப் போத்தல் கைகொடுக்கும். நீரின் தன்வெப்பக் கொள்ளளவு உயர்வானது. 1 கிலோகிராம் நீர் 1 பாகை குளிர்வடைகையில் ஏறத்தாழ 4200 யூல் வெப்பத்தை வெளிவிடும். 2 கிலோகிராம் நீர் 60 பாகையிலிருந்து 40 பாகை வரை குளிரும்போது:

2 × 4200 × 20 = 168,000 யூல்

இது 100 வாற்று மின்குமிழ் 28 நிமிடங்களில் உட்கொள்ளும் சக்திக்குச் சமன். போத்தலைத் துணியால் சுற்றிக் குஞ்சுகளின் நடுவே வைத்து, ஆறியதும் மாற்ற வேண்டும்.

6. குஞ்சுகளே வெப்பமானி

• வெப்பமூட்டியின் கீழ் நெருங்கிக் குவிந்து கத்துதல்: வெப்பம் போதாது.
• விலகி ஓரத்தில் நின்று அலகைத் திறந்து மூச்சுவாங்குதல்: வெப்பம் அதிகம்.
• ஒரு பக்கமாக ஒதுங்குதல்: மறுபக்கத்திலிருந்து குளிர்காற்று வீசுகிறது.
• எங்கும் பரவி உண்டு, குடித்து, உறங்குதல்: வெப்பம் பொருத்தமானது.

வெப்பம் கூடினால் மின்குமிழைச் சற்று உயர்த்துக. குறைந்தால் பிறிதொரு மின்குமிழைச் சேர்க்குக. 45 சென்ரிமீற்றருக்குக் கீழே இறக்காதீர்கள்.

மாதிரி வினா

கிடுகுக் கூரையுள்ள கூட்டில் உமிக் கூளத்தின் மேல் 20 சென்ரிமீற்றர் உயரத்தில், 250 வாற்று செங்கீழ்க் கதிர் மின்குமிழொன்று வயரில் தொங்கவிடப்பட்டுள்ளது. கூடு மட்டக்களப்பில் உள்ளது. குஞ்சுகள் 50.
(அ) இங்குள்ள தவறுகள் மூன்றைக் குறிப்பிடுக.
(ஆ) பொருத்தமான வெப்பமூட்டியைக் காரணத்துடன் முன்மொழிக.

விடை
(அ) உயரம் போதாமை. சங்கிலியின்றி வயரில் தொங்கவிட்டமை. தேவைக்கு மேற்பட்ட வலு.
(ஆ) தேவை 50 × 1 = 50 வாற்று. ஆகவே இரண்டு 40 வாற்று இழை மின்குமிழ்கள் போதும். மொத்த வலு குறைவு. ஒன்று பழுதடைந்தாலும் மற்றையது எரியும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டிலோ அயலிலோ குஞ்சுக் கூடு இருப்பின் இன்று மாலை பெரியவர் ஒருவருடன் சென்று பாருங்கள். மின்குமிழ் எதில் தொங்குகிறது? அது அறுந்தால் எதன் மீது விழும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டு, தவறிருப்பின் இருட்டுவதற்கு முன்னரே திருத்திவிடுங்கள்.