பழைய கெர்னல் இருக்கட்டும்

கணினியில் ஓடும் நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிடுவது, பிராசசரில் யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது, வட்டு, கீபோர்டு, வைஃபை அனைத்தையும் மேய்ப்பது எல்லாம் கெர்னலின் வேலை. லினக்ஸ் கெர்னலை 1991-இல் எழுதத் தொடங்கியவர் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். இன்று அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒன்பது, பத்து வாரங்களுக்கொரு முறை புதிய பதிப்பு வருகிறது.

உபுண்டு, டெபியன் போன்றவை தரும் ஆயத்த கெர்னலே பெரும்பாலோருக்குப் போதும். புத்தம்புது வன்பொருளுக்கு டிரைவர் தேவைப்பட்டாலோ, உள்ளே என்ன நடக்கிறது என்று கற்க ஆசைப்பட்டாலோ நாமே கம்பைல் செய்யலாம்.

கம்பைலரை ஓடவிடுவது எளிது. அதற்கு முந்தைய ‘கான்ஃபிக்’தான் யோசிக்க வைக்கும். ஆயிரக்கணக்கான வசதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒய், எம், என் என்று விடை சொல்ல வேண்டும். ஒய் என்றால் அந்த வசதி கெர்னலுக்குள்ளேயே சேரும். எம் என்றால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூல் ஆகும். என் என்றால் கிடையாது. புதியவர்கள் எல்லாவற்றுக்கும் விடை தேட வேண்டியதில்லை. இப்போது ஓடும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு பெரும்பாலும் ‘பூட்’ கோப்புறையில் இருக்கும். அதை நகலெடுத்து ‘மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்’ கொடுத்தால், புதிதாக வந்த கேள்விகளுக்கு மட்டும் இயல்பு விடைகள் நிரம்பிவிடும். ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’ இன்னும் சிக்கனமானது: அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால் பென்டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் முன்கூட்டியே செருகி வையுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் டிரைவர் விடுபட்டுப்போகும்.

பிறகு ‘மேக்’. கோப்புப் பெயர்கள் திரையில் வரிவரியாக ஓடும். எல்லாவற்றையும் சேர்த்தால் மணிக்கணக்கும் ஆகலாம். முடிந்ததும் முதலில் மாட்யூல்களையும் அடுத்து கெர்னலையும் நிறுவி, மறுதொடக்கம் செய்து, ‘யூநேம்’ கட்டளையில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். கணினி கிளம்பும்போது கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமிடாத கெர்னலை அது ஏற்காது.

புதியது கிளம்பாமல் நின்றாலும் பதற வேண்டாம். ஒவ்வொரு பதிப்பின் மாட்யூல்களும் தனிக் கோப்புறையில் இருப்பதால் பழைய கெர்னலுக்குச் சேதமில்லை. கணினி கிளம்பும்போது கெர்னலைத் தேர்வு செய்யவிடும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதே பதிப்பையே மறுபடி கம்பைல் செய்தால் மட்டும் கான்ஃபிக்கில் பெயருக்கு ஒரு பின்னொட்டு கொடுங்கள். இல்லையென்றால் பழைய மாட்யூல்கள் அழிந்துவிடும். வைஃபை, ஒலி, மடிக்கணினி தூங்கி விழிப்பது எல்லாம் சில நாள் சரியாக நடந்த பிறகே பழையதை நீக்குங்கள்.