வானறியா வெள்ளி

கூடுவாஞ்சேரியில் நந்திவரம் ஏரிக்கரையில் நின்று கைப்பேசியை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்பினால், கரையும் நீரும் அப்பால் எழுந்துள்ள அடுக்ககங்களும் நொடிப்பொழுதில் ஒரே நீள்படமாகிவிடுகின்றன. இதே ஒட்டுவேலையைத் தஞ்சையில் 1858-இல் கையாலேயே செய்து முடித்தார் ஒருவர். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட படை அலுவலர் லின்னேயஸ் டிரைப் அவர். பெருவுடையார் கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டுதுண்டாகப் படமெடுத்து, 21 படிகளை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

அவர் கையாண்டது, பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட மெழுகுத்தாள் முறை. மெல்லிய தாளில் உருக்கிய மெழுகை ஏற்றி, அயோடைடு உப்பில் ஊறவைத்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால், தாளின் இழைகளில் வெள்ளி அயோடைடு படியும். இத்தாளை முன்கூட்டியே செய்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். கண்ணாடித் தகட்டில் பூசும் ஈரக் கொலோடியனையோ, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். மாட்டுவண்டிகளில் ஊர் ஊராகச் சென்றவருக்கு எது உகந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் வெள்ளி அயோடைடுக்கு ஒரு குறையுண்டு. நீலம், ஊதா, புற ஊதா ஆகிய கதிர்களையே அது உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருளே. ஆகவே நீலவானும் வெண்முகிலும் வேறுபாடின்றி அச்சில் வெற்று வெள்ளையாய் நிற்கும், மரத்தழைகள் கருந்திட்டுகளாகும். டிரைப் எதிர்ப்படியின் (நெகட்டிவ்) மேல் வண்ணம் தீட்டி முகில்களைத் தாமே வரைந்தார். இதைப் பொய்யென்று தள்ள என் உள்ளம் ஒப்பவில்லை. வெள்ளிக்கு எட்டாததைத் தூரிகை ஈடுசெய்தது, அவ்வளவே. இன்றைய கைப்பேசிகள் பலவும் வானை இனங்கண்டு அதற்குத் தனியே நிறமேற்றுகின்றன. ஏரிக்கரையில் நாம் எடுக்கும் படத்தின் நீலத்தையும் முழுதும் நம்புவதற்கில்லை. டிரைப் வரைந்த முகில்களைக் கொண்டு அன்றைய வானிலையைக் கணிக்கப் புகுபவர் ஏமாறுவார். கல்லெழுத்தைத் தேடிச் செல்பவருக்கோ அவரது தஞ்சை நீள்படம் கைகொடுக்கும்.

எல்லாத் தலையீடும் இத்துணைத் தீங்கற்றதன்று. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது, சென்னைப் படையைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாய்க் கிடந்த மக்களைக் குழுக்களாக அமர்த்திப் படமெடுத்தார். பஞ்சத்துக்கு அப்படங்களைவிட வலிய கண்கூடான சான்று அரிது. ஆனால் பசித்தோரை நிரல்பட உட்காரவைத்த ஆட்சியாளரின் பார்வையும் அவற்றில் பதிந்திருக்கிறது. பஞ்சத்தின் ஆவணமாக மட்டுமன்றி, அந்த ஆட்சியின் ஆவணமாகவும் அவற்றைப் படிக்க வேண்டும்.

டிரைப்பின் பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் அதை ஆடம்பரச் செலவெனக் கருதி நிறுத்தினார். டிரைப் படமெடுத்த தஞ்சைக் கோயிலின் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் படித்துப் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி வெளிவந்தது 1891-இல். நீள்படம் உருவாகி அப்போது 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.