நிற்கும் காரில் ஒரு பாடம்

மாலை நேரத்தில் வானொலி நிகழ்ச்சி செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். நேயர்கள் அனுப்பும் குரல் பதிவில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைவிட, பின்னால் என்ன கேட்கிறது என்பதில் காது போய் நிற்கும். குக்கர் விசில், குழந்தையின் அழுகை, பக்கத்து வீட்டு நாய். மழை நாளில் மட்டும் பத்துக்கு ஆறு பதிவுகளில் ஒரே சத்தம்தான்: டிக், டிக், டிக். “சுங்கை பட்டாணி டோல்கிட்ட செம மழைங்க, ஒன்னுமே தெரியல” என்கிறார் ஒருவர். பின்னால் ஹஸார்ட் லைட் தாளம் போடுகிறது. கார் ஓடிக்கொண்டிருக்கிறது!

(ஓட்டிக்கொண்டே குரல் பதிவு அனுப்பாதீர்கள் என்று தினமும் சொல்கிறோம். அது தனிச் சண்டை.)

அந்த நான்கு விளக்குகளும் சேர்ந்து மின்னினால் “நான் நின்றுவிட்டேன், சுற்றிப் போங்கள்” என்று பொருள். கனமழையில் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டு 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால், உண்மையிலேயே பழுதாகி நிற்கும் காரை எப்படி அடையாளம் காண்பது? இன்னொன்றும் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஹஸார்ட் எரியும்போது இடது, வலது சிக்னல் வேலை செய்யாது. தடம் மாறுகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. முன்னால் வாகனங்கள் திடீரென்று நின்றுவிட்டால், பின்னால் வருகிறவரை எச்சரிக்கச் சில விநாடி போடலாம். வரிசை நகர்ந்ததும் அணைத்துவிட வேண்டும்.

மழைக்குப் போட வேண்டியது முன்விளக்கு. இங்கேதான் புதிய கார்கள் நம்மை ஏமாற்றுகின்றன. பகலில் தானாக எரியும் அந்த வெள்ளைக் கோடு விளக்கு பல கார்களில் முன்பக்கம் மட்டும்தான். பின்விளக்கு இருண்டே கிடக்கும். மீட்டர் பலகை எப்போதும் பளிச்சென்று இருப்பதால், விளக்கு எரிகிறது என்றே ஓட்டுநர் நினைத்துக்கொள்வார். ‘ஆட்டோ’வில் விட்டிருக்கிறேனே என்பீர்கள். அந்த உணரி பார்ப்பது இருட்டை. பகல் மூன்று மணிக்குச் சாம்பல் நிறத்தில் கொட்டும் மழை அதற்கு இருட்டாகத் தெரியாமல் போகலாம். கையால் திருப்பிப் போடுவதே நல்லது.

இதையெல்லாம் நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? லைசென்ஸ் எடுக்கும்போது ஆர்.பி.கே., ஆர்.எஸ்.எம். என்று இரண்டை மனப்பாடம் செய்தோம். வாகனத்தைச் சுற்றிப் பார்ப்பது ஒன்று, ஓட்டுமுன் இருக்கை, கண்ணாடி, பெல்ட் சரிபார்ப்பது மற்றொன்று. அதிகாரி முன்னால் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு மறுநாளே மறந்தோம். அன்றைய காரில் அதற்குமேல் தெரிந்துகொள்ளவும் அதிகம் இல்லை. 1985இல் வந்த புரோட்டோன் சாகா, 1994இல் வந்த கான்சில் இரண்டிலும் எது எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே புரியும். என் வயதுக்காரர்கள் பலர் ஓட்டப் பழகிய கான்சிலில் ஜன்னலைக் கையால் சுற்றித்தான் இறக்குவோம். இன்றைய காரில் ஸ்டேரிங்கில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பொத்தான். கார் கொடுக்கிறவர் கைப்பேசியை இணைத்துக் காட்டி, படம் எடுத்து, ரிப்பன் கட்டி அனுப்பிவிடுகிறார். கையேடு பிளாஸ்டிக் உறையோடு டேஷ்போர்டு பெட்டியில் தூங்குகிறது.

எங்கள் வீட்டிலும் அந்த நாள் வந்தது. அப்பா பீடோங் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவர். லோரி ஓட்டியவர், பிறகு பாக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கு வேன் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க கிளட்ச். 66 வயதில் முழங்கால் வலி வந்ததால் ஆட்டோ கியர் மைவி வாங்கினோம். “லோரியே ஓட்டுனவன், இது என்னா பெரிய விசயம்” என்றார். பாடம் நடத்த ஒரு நிபந்தனை போட்டேன்: முதல் வாரம் காரை நகர்த்தக் கூடாது. கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை ஆயிற்றே. காலை வெயிலுக்கு முன் ஒரு திடல் பக்கம் காரை நான் கொண்டுபோய் நிறுத்தி, அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன்.

முதல் பிரச்சினை இடது கால். நாற்பது வருடமாக கிளட்ச் தேடிய கால் அது, சும்மா இருக்காது. அது நீண்டுபோய் அகலமான பிரேக் பெடலை கிளட்ச் வேகத்தில் மிதித்தால் கார் குலுங்கி நிற்கும், பின்னால் வருகிறவர் நம் மீது மோதுவார். இடது காலை அதற்கான மேடையில் வைத்து மறந்துவிட வேண்டும். இரண்டு பெடலுக்கும் வலது கால் ஒன்றுதான். குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றியிருக்க, பாதம் மட்டும் எண்ணெய் பெடலுக்குச் சாய்ந்து போய்வர வேண்டும். அப்போதுதான் பதற்றத்தில் அழுத்தினாலும் கால் பிரேக்கில் விழும்.

கால் தடுமாறுவது பெரும்பாலும் வேகமாகப் போகும்போது அல்ல. வாகன நிறுத்துமிடத்தில், உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போது. இல்லையென்றால் டோலில் டச் அண்ட் கோ அட்டையை நீட்டும்போது. கை எட்டவில்லை என்று இடுப்பை எழுப்பினால், பிரேக்கில் இருந்த கால் நழுவும். கார் நகர்ந்ததும் பதறி மிதிப்போம், எதை மிதிக்கிறோம் என்று தெரியாது. அட்டை கீழே விழுந்தால் முதலில் ‘பி’. பிறகுதான் குனிவது. பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

2019 ஏப்ரலில் தோக்கியோவின் இகெபுகுரோ வட்டாரத்தில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் பாய்ந்து ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் இறந்தார்கள். கார்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். பிரேக் என்று நினைத்து எண்ணெய் பெடலை மிதித்ததே காரணம் என்று 2021இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, வார் உள்ள செருப்போடு வருகிறார்.

இரண்டாவது பாடம், ஸ்டார்ட் பொத்தான். சாவியைத் திருகிய காலத்தில் என்ஜினை அணைக்க யாரும் பாடம் எடுக்கவில்லை. 2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, தம் காரைப் பழுதுபார்க்க விட்டுவிட்டு, இரவல் கொடுத்த லெக்சஸ் காரில் குடும்பத்தோடு போனார். அந்தக் காருக்குப் பொருந்தாத கால்மிதி ஒன்று எண்ணெய் பெடலைப் பிடித்துக்கொண்டது. 160 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். ஓடும்போது அந்தக் காரை அணைக்கப் பொத்தானை 3 விநாடி விடாமல் அழுத்த வேண்டும். காரில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். சாலையிலேயே வாழ்க்கை நடத்திய ஒருவர், பழக்கமில்லாத காரில். அதன்பிறகு தொயோத்தா இலட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தது.

ஆகவே இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கால்மிதி வாங்கிப் பழையதன்மேல் போடாதீர்கள். தரையில் உள்ள கொக்கியில் மாட்டும்படியான ஒன்று போதும். பெடல் சிக்கிக்கொண்டால் பிரேக்கை விட்டு விட்டு அழுத்தாமல் ஒரேயடியாக அழுத்திப் பிடித்து, கியரை ‘என்’னுக்குத் தள்ள வேண்டும். என்ஜின் அலறும், அலறட்டும். சக்கரத்துக்குச் சக்தி போகாது. ஓரம் வந்து நின்ற பிறகு அணைக்கலாம். ஓடும்போதே அணைத்தால் ஸ்டேரிங் கனத்துவிடும், பிரேக்கும் சீக்கிரம் கல்லாகிவிடும்.

உதவி செய்யும் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017 இறுதியில் வந்த மைவியின் உயர்ரகத்திலேயே, முன்னால் தடை இருக்கும்போது தவறி எண்ணெய் பெடலை மிதித்தால் எச்சரித்து என்ஜினை அடக்கும் வசதி வந்துவிட்டது. நம் போன்ற குடும்பங்கள் வாங்கும் விலையில் அது வந்தது பெரிய விசயம். ஆனால் அந்தக் கருவிக்குக் கண் இருக்கிறது. முன் கண்ணாடியின் மேல்பகுதியில், உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் கேமரா அது. நாம் என்ன செய்கிறோம்? புதுக் காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, எலுமிச்சை நசுக்கி, சரியாக அந்த இடத்தில் மாலையைத் தொங்கவிடுகிறோம். பக்கத்தில் ஓம் ஸ்டிக்கர். பிள்ளையார் டேஷ்போர்டில் இருக்கட்டும், காற்றுப்பை விரியும் இடத்தை விட்டு. மாலையைப் பூசை முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

குரலுக்குக் கட்டுப்படும் வசதியும் இருக்கிறது. 2018 இறுதியில் புரோட்டோன் எக்ஸ்70 வந்தபோது, “ஹாய் புரோட்டோன்” என்றால் ஜன்னல் திறக்கும் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. திரையில் விரல் வைத்துத் தேடுவதைவிடப் பேசுவது மேல்தான். ஆனாலும் மழை கொட்டி, கண்ணாடி மங்கும் நேரத்தில் எந்தப் பொத்தான் எங்கே என்று கை தானாகப் போக வேண்டும். மங்கலை விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே அழிந்தால் ஏர்கோனோடு முன் கண்ணாடிக்குக் காற்றடிக்கும் பொத்தானைப் போட்டு, வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும். உள்ளே அழியவில்லை என்றால் பனி வெளியே படிந்திருக்கிறது. வைப்பரைப் போட்டு ஏர்கோன் குளிரைக் குறைத்தால் போகும். பலர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்து, மேலும் மங்கலாக்கிக்கொள்கிறார்கள்.

பேரப்பிள்ளைகள் வரும் வீடு என்பதால் ஜன்னல் பூட்டும் பொத்தான், பின்கதவின் குழந்தைப் பூட்டு இரண்டையும் அப்பா முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். பின்னிருக்கை பெல்ட் 2009 ஜனவரியிலிருந்தும் குழந்தை இருக்கை 2020 ஜனவரியிலிருந்தும் கட்டாயம். “கோயில் இங்கதானே” என்று மடியில் வைத்துக்கொள்ளும் சித்திகளிடம்தான் இன்னும் சட்டம் செல்லவில்லை. “ரெண்டு நிமிசம்தான், ஏர்கோன் போட்டிருக்கு” என்று பிள்ளையை உள்ளே விட்டுக் கடைக்குப் போவது அதைவிட மோசம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலன் இல்லை. நம் ஊர் வெயிலுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூலிமுக்கும் பிறைக்கும் இரவு வேலைக்குப் போய்வரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. தூக்கம் வந்தால் ஓரம் நிறுத்தித் தூங்குவது புத்திசாலித்தனம். ஆனால் என்ஜினை ஓடவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். 2020 ஆகஸ்டில் பட்டர்வொர்த்தில் காருக்குள் உறங்கிய நான்கு இளம் பெண்களில் மூவர் கார்பன் மோனாக்சைடு நச்சால் இறந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைக்குழாயில் ஓட்டை இருந்தால், நிற்கும் காரின் அடியில் தேங்கி உள்ளே ஏறும். அணைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வேர்த்தாலும் பரவாயில்லை என்று தூங்குங்கள்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை அப்பா கண்ணை மூடிக்கொண்டு முன்விளக்கு, வைப்பர், ஹஸார்ட், முன் கண்ணாடிப் பொத்தான் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டினார். பிறகு அம்மாவை முன்னிருக்கையில் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு லைசென்ஸ் இல்லை. ஆனால் அப்பாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, இரண்டு முறை சர்க்கரை சட்டென்று இறங்கியிருக்கிறது. கார் ஓடும்போது அவர் தலை சாய்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அம்மாதான். கியரை ‘டி’யிலிருந்து ‘என்’னுக்குத் தள்ளுவது, ஹஸார்ட் போடுவது, ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவது என மூன்றையும் நின்ற காரில் இருபது தடவை செய்ய வைத்தேன்.

“எல்லாம் சரிடா, அப்ப ஸ்டேரிங்க யாரு புடிக்கிறது?” என்றார் அம்மா.

“நீதான்மா. வலது கையால.”

அம்மா அப்பாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கை எட்டுகிறதா என்று நீட்டிப் பார்த்தார். கொஞ்சம் எட்டவில்லை. இருக்கையை இரண்டு பல் முன்னால் இழுத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.