வாத்து ஏன் விழவில்லை?

பரணில் கிடக்கும் பழைய டிவி கேமை இறக்கித் தூசி தட்டி, ஹாலில் மாட்டியிருக்கும் எல்இடி டிவியில் இணைத்துப் பார்க்கும் ஆசை, தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன பலருக்கும் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். மஞ்சள், வெள்ளை வயர்களைச் செருக டிவியில் இடம் இருந்து, அடாப்டருக்கும் உயிர் இருந்தால், மரியோ வந்துவிடுவார். கான்ட்ராவும் ஓடும். ஆனால் பிளாஸ்டிக் துப்பாக்கியை எடுத்து வாத்து சுட்டால் ஒன்றுகூட விழாது. குழலைத் திரையிலேயே ஒட்டி வைத்துச் சுட்டாலும் விழாது. குறி தப்பும்போது ஆட்டத்தில் வரும் நாய் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிப்பது மட்டும் மாறாமல் நடக்கும்.

துப்பாக்கியும் கெடவில்லை, டிவியும் கெடவில்லை. இரண்டுக்கும் இடையே நேரக் கணக்கு ஒத்துவரவில்லை. மரியோவுக்கும் அதே சிக்கல்தான். அன்றைக்கு அநாயாசமாகத் தாண்டிய குழியில் இன்றைக்குத் தொப்பென்று விழுகிறார். வயசாகிவிட்டது என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வயதுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் மரியோ எழும்புவது கண்ணில் படுவதற்கும் இடையிலான நேரம், டப்பா டிவி காலத்தைவிடப் புதிய டிவியில் சில மடங்கு கூடியிருக்கக்கூடும். ஆட்டக்காரர்கள் ‘லேக்’ என்று திட்டுவது இந்தத் தாமதத்தைத்தான். பழைய ஆட்டங்களில் அது ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது, புதிய ஆட்டங்கள் அதை எப்படி மறைக்கின்றன என்று பார்ப்போம்.

படத்தை வைக்க இடமில்லை

நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம்களில் பெரும்பாலானவை, நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பேமிகாம் என்ற கருவியின் நகல்கள். அதில் ஆட்டத்தை ஓட்ட 2 கிலோபைட் நினைவகம், படத்துக்கென்று இன்னொரு 2 கிலோபைட். 4 ஜிபி ரேம் உள்ள ஒரு சாதாரணச் செல்பேசியில், ஆட்டத்தை ஓட்டிய அந்த 2 கிலோபைட்டைப்போல் 20 லட்சம் மடங்கு இருக்கிறது.

பேமிகாமின் படம் 256க்கு 240, அதாவது 61,440 புள்ளிகள். அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் எழுதி வைக்க 2 கிலோபைட் எந்த மூலைக்கும் காணாது. அதனால் அந்தக் கருவி முழுப் படத்தை எங்கேயும் சேமிக்கவில்லை. டப்பா டிவிக்குள் ஓர் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழாக, வரி வரியாகத் திரையைத் துழாவிக்கொண்டே வரும்; நம் நாட்டு டிவிகளில் விநாடிக்கு 50 முறை. கற்றை எந்தப் புள்ளிக்கு வருகிறதோ, அந்தப் புள்ளியின் நிறத்தை அந்த நொடியிலேயே கணக்கிட்டுக் கொடுத்தது பேமிகாமின் படச் சில்லு. சில்லுக்கும் திரைக்கும் நடுவே காத்திருப்பு என்று ஒன்று இல்லை. பொத்தானை அழுத்தினால் அடுத்த படத்திலோ அதற்கடுத்த படத்திலோ மரியோ எழும்பிவிடுவார். 20 முதல் 40 மில்லி விநாடிக்குள் வேலை முடிந்தது.

இந்தச் சிக்கனத்துக்கு விலையும் உண்டு. ஒரு வரியில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் அந்தச் சில்லால் வரைய முடியாது. கான்ட்ராவில் ஆட்களும் குண்டுகளும் ஒரே உயரத்தில் குவியும்போது சில உருவங்கள் மினுக்மினுக்கென்று தெரிந்தது இதனால்தான். மிஞ்சியதை ஒரேயடியாக மறைத்துவிடாமல், ஒரு பிரேமில், அதாவது ஒரு படத்தில் இதை, அடுத்த பிரேமில் அதை என்று மாற்றி மாற்றிக் காட்டிச் சமாளித்தார்கள் நிரல் எழுதியவர்கள்.

இயலாமையே ஆட்டமாகிப் போனதும் உண்டு. டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ 1978இல் உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 வேற்றுக்கிரக ஆசாமிகள் அணிவகுத்து இறங்குவார்கள். ஒரு பிரேமுக்கு ஒருவரைத்தான் நிரல் நகர்த்தும். விநாடிக்கு 60 பிரேம் என்றால், 55 பேரும் ஓர் அடி எடுத்து வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி. சுடச் சுட ஆள் குறையும், சுற்று சீக்கிரம் முடியும், மிச்சம் இருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசியாகத் தப்பியவன் தலைதெறிக்க ஓடுவான். வேகம் கூட்டு என்று யாரும் தனியாக எழுதவில்லை. கூடிய வேகத்தைக் கண்ட நிஷிகாடோ, ஆட்டத்துக்கு அது நல்லது என்று அப்படியே விட்டுவிட்டார்.

துப்பாக்கி எதைப் பார்க்கிறது?

வாத்து சுடும் ஆட்டமான டக் ஹன்ட், நின்டெண்டோ 1984இல் வெளியிட்டது. துப்பாக்கியிலிருந்து திரைக்கு எதுவும் போவதில்லை. அதன் குழலுக்குள் ஒரு லென்சும் ஒளி உணரியும் இருக்கின்றன. துப்பாக்கி சுடுவதில்லை, பார்க்கிறது.

விசையை இழுத்ததும் ஒரு பிரேமுக்குத் திரை முழுக்கக் கறுத்துவிடும். அடுத்த பிரேமில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். இருட்டுக்குப் பின் வெளிச்சம் என்று உணரி சொன்னால் குறி தப்பவில்லை என்று பொருள். முதலில் இருட்டு எதற்கு? கூரையில் எரியும் குண்டு பல்பைக் குறிபார்த்து வாத்துகளை அள்ளும் கில்லாடிகளுக்காக. எப்போதும் வெளிச்சமாகவே இருந்தால் அது வாத்து இல்லை என்று நிரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டு வாத்துகள் பறந்தால் முதல் வாத்துக்கு ஒரு பிரேம், இரண்டாவதற்கு அடுத்த பிரேம் என்று வெள்ளைக் கட்டங்கள் தனித்தனியே வரும். எந்தப் பிரேமில் வெளிச்சம் பட்டதோ அந்த வாத்து விழும். ஆடும்போது திரை லேசாக வெட்டியது போல் தெரிந்ததே, அது இந்தச் சோதனைதான்.

புதிய டிவி இங்கேதான் காலை வாருகிறது. வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்து சேர்வதற்குள், வெளிச்சம் வரவில்லை, குறி தப்பிவிட்டது என்று நிரல் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, நின்டெண்டோவின் துப்பாக்கி விநாடிக்குச் சுமார் 15 ஆயிரம் வரிகள் வரையும் டப்பா டிவியின் ஒளித் துடிப்பை மட்டுமே கவனிக்கும்படி செய்யப்பட்டது. எல்சிடி திரையில் அந்தத் துடிப்பே கிடையாது.

அலங்காரத்துக்கு ஆகும் நேரம்

புதிய டிவி வரும் படத்தை வந்தபடியே காட்டுவதில்லை. முழுப் படத்தையும் நினைவகத்தில் வாங்கிக்கொள்கிறது. 256 புள்ளி அகலப் படத்தை 1,920 அல்லது 3,840 புள்ளிகளுக்கு இழுத்துப் பெரிதாக்குகிறது. இரைச்சலைத் துடைக்கிறது, நிறத்தைக் கூட்டுகிறது. அசைவு வழுவழுப்பாகத் தெரிய, இரண்டு படங்களுக்கு நடுவே தானே ஒரு படத்தைச் செய்து நுழைக்கும் வசதி பல டிவிகளில் உண்டு. நடுப்படத்தைச் செய்ய வேண்டுமானால் அடுத்த படம் வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். சினிமா பார்ப்பவருக்கு இந்தக் காத்திருப்பு தெரியாது; ஒலியையும் அதே அளவு தாமதித்துவிட்டால் போதும். விளையாடுபவரின் விரலைத் தாமதிக்க வழியில்லையே. அலங்காரம் எல்லாம் சேர்ந்து 50 முதல் 100 மில்லி விநாடிவரை, சில டிவிகளில் அதற்கும் மேல் போகும். செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ போட்டால் டிவி பெரும்பாலான ஒப்பனையை நிறுத்திவிடும். பல டிவிகளில் தாமதம் 10, 20 மில்லி விநாடிக்கு இறங்கும்.

ஆட்டக் கருவிகளும் மாறிவிட்டன. விநாடிக்கு 30 படம் ஓடும் பெரிய ஆட்டங்களில், நிழல், பிரதிபலிப்பு என்று படம் பல கட்டங்களைத் தாண்டி வெளியே வருவதற்குள் 100 மில்லி விநாடி கடந்துவிடுவது சகஜம். கணினியிலும் இதே கதைதான். மென்பொருளாளர் டான் லூ 2017இல் பல தலைமுறைக் கணினிகளை வரிசையாக அளந்தார். விசையை அழுத்தியதிலிருந்து எழுத்து திரையில் தோன்றும்வரை எவ்வளவு நேரம் என்ற போட்டியில் முதலில் வந்தது 1983இல் வந்த ஆப்பிள் 2இ. அதற்கு ஆனது 30 மில்லி விநாடி.

கிச்சுகிச்சும் மூளையும்

ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்தவே மனிதருக்கு 200 முதல் 250 மில்லி விநாடி பிடிக்கிறது. அப்படியிருக்க 100 மில்லி விநாடி எப்படி உறுத்தும்? வெளியே நடப்பதைக் கண்டு பதில் கொடுப்பது ஒரு வேலை. நாமே செய்ததன் விளைவைச் சரிபார்ப்பது வேறு வேலை. கையை அசைக்கும்போதே, அதனால் என்ன தெரியும், எப்போது தெரியும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது.

நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்குக் காரணம் இந்தக் கணிப்புதான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சாரா-ஜெய்ன் பிளேக்மோரும் சகாக்களும் 1999இல் இதைச் சோதித்தார்கள். ஒருவர் தன் இடது கையால் ரோபோ ஒன்றை அசைக்க, அது அவருடைய வலது உள்ளங்கையை நுரைப்பஞ்சால் வருடியது. கை அசைந்த உடனே வருடினால் கூச்சம் அவ்வளவாக இல்லை. ரோபோ 100, 200, 300 மில்லி விநாடி தாமதித்து வருடியபோது கூச்சம் கூடிக்கொண்டே போனது. தாமதம் ஏற ஏற, ‘இது நான் செய்தது’ என்ற உணர்வு மூளைக்குத் தளர்கிறது. லேக் அடிக்கும் ஆட்டத்தில் மரியோ நம் சொல் கேட்காத யாரோ ஒருவராகத் தெரிவதும் இப்படித்தான்.

மூளை இதற்கும் பழகிக்கொள்ளும். நரம்பியலாளர் டேவிட் ஈகிள்மேன் குழுவினர் 2006இல் ‘நியூரான்’ ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், பொத்தானை அழுத்தியதும் வரும் வெளிச்சத்தைத் தொடர்ந்து ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு தாமதித்து வந்தார்கள். பிறகு திடீரென்று தாமதத்தை நீக்கியபோது, தாங்கள் அழுத்துவதற்கு முன்பே வெளிச்சம் வந்துவிட்டதாகப் பங்கேற்றவர்களுக்குத் தோன்றியது. தினமும் ஒரே டிவியில் ஆடுபவருக்கு அதன் லேக் தெரியாமல் போவதும், நண்பன் வீட்டுக்குப் போய் ஆடினால் கை தடுமாறுவதும் இதனால்தான்.

நல்லதுக்குச் சொல்லும் பொய்

தாமதத்தை ஒழிக்க முடியாத இடத்தில், புதிய ஆட்டங்கள் ஆட்டக்காரரிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கின்றன. 2018இல் வந்த செலஸ்ட், மலையேறும் இளம்பெண்ணின் கதை. கைப்பிடி தவறினால் உயிர் போகும் கடினமான ஆட்டம் என்று பெயர் வாங்கியது. ஆனால் உள்ளுக்குள் அது இளகிய மனசுக்காரி. பாறை விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் நின்ற பிறகும், சில பிரேம்களுக்குள் பொத்தானை அழுத்தினால் குதிக்க விடுகிறது. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அவசரப்பட்டு அழுத்தினாலும், அதை நினைவில் வைத்திருந்து கால் பட்டதும் குதிக்க வைக்கிறது. ‘கரெக்டாத்தான அமுக்கினேன்!’ என்று நாம் கத்துவதற்கு முன்பே நம் பக்கம் தீர்ப்பாகிவிடுகிறது. பழைய மரியோ இவ்வளவு தாராளம் காட்டவில்லை. தாமதம் குறைவாக இருந்ததால் அதற்கு அவ்வளவு தேவையும் இல்லை.

செல்பேசியில் நாலு பேர் சேர்ந்து சுடும் ஆட்டங்களில் பொய்யின் அளவு கூடுகிறது. இங்கே ‘பிங்’, அதாவது செய்தி சர்வருக்குப் போய்வரும் நேரம், ஏறுகிறது என்ற புலம்பலுக்கு ஓர் இயற்பியல் எல்லை உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002இல் செயல்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். ஆட்டத்தின் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், போய்வர ஒளிக்கே 32 மில்லி விநாடி ஆகும். டவர், ரவுட்டர், நெரிசல் எல்லாம் அதற்கு மேல். எந்த ரீசார்ஜ் போட்டாலும் அந்த 32 குறையாது.

இந்தத் தாமதத்தை மறைக்க, நிரலாளர் ஜான் கார்மக் 1996இல் குவேக் என்ற சுடும் ஆட்டத்தின் இணைய வடிவமான குவேக்வேர்ல்டில் ஒரு வழி செய்தார். நாம் நடந்தால், சர்வர் அனுமதிக்குக் காத்திராமல் நம் கருவியே நடந்ததாகக் காட்டிவிடும். சர்வர் பிறகு வேறு கணக்குச் சொன்னால் நம்மைச் சத்தமில்லாமல் திருத்தும். நெட் மோசமாக இருக்கும்போது ஓடிக்கொண்டிருந்த ஆள் படக்கென்று பழைய இடத்துக்கே இழுக்கப்படுவது, அந்தத் திருத்தம் வெளியே தெரிந்துவிடும் தருணம்.

இன்னொரு தினசரிப் புகார்: ‘செவுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சதுக்கப்புறம் எப்படிடா செத்தேன்?’ இதற்கும் பதில் உண்டு. சுட்டவருடைய திரையில் நாம் இன்னும் வெளியேதான் நிற்கிறோம்; அவர் பார்ப்பது நம்முடைய கடந்த காலத்தை. அவர் சுட்ட செய்தி வந்ததும் சர்வர், கிரிக்கெட்டின் மூன்றாவது நடுவரைப் போல, காட்சியைப் பின்னோக்கி ஓட்டி, சுட்ட கணத்தில் அவர் கண்ணுக்கு நாம் எங்கே தெரிந்தோம் என்று பார்த்து அவுட் கொடுத்துவிடுகிறது. குறி பார்த்துச் சுட்டவருக்கு நியாயம், ஒளிந்தவருக்கு அநியாயம். இரண்டு பேர் இருவேறு நேரங்களைப் பார்த்துக்கொண்டு ஆடும்போது இருவருக்கும் முழு நியாயம் செய்ய எந்த நிரலாலும் இயலாது.

அளந்து பார்க்கலாம்

காதில் விழுவதும் தாமதமாகலாம். புளூடூத் இயர்போனில் சத்தம் 100, 200 மில்லி விநாடி பிந்தி வருவது சாதாரணம். எதிரியின் காலடி கேட்பதற்குள் அவன் வந்தேவிடுவான். ஊன்றி ஆடும் பலர் இன்னும் வயர் உள்ள இயர்போனை விடாததற்குக் காரணம் பழமைப் பற்று இல்லை.

வீட்டு டிவியின் லேக்கை அளக்க ஆய்வகமும் வேண்டியதில்லை. இன்றைய பல செல்பேசிகளில் விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருக்கிறது. விரல், பொத்தான், திரை மூன்றும் தெரியும்படி வைத்துப் படம் பிடியுங்கள். பொத்தான் கீழே போன பிரேமிலிருந்து மரியோவின் கால் தரையை விடும் பிரேம்வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் ஏறக்குறைய 4 மில்லி விநாடி. நாலைந்து தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். பிறகு கேம் மோடில் போட்டு மறுபடி எண்ணுங்கள். முப்பதைத் தொட்டால் 125 மில்லி விநாடி. தோல்விக்கு டிவியைத் தாராளமாகத் திட்டலாம். பத்துக்குள் முடிந்துவிட்டால், குழியில் விழுந்த பழியை நம் கட்டை விரல்தான் ஏற்க வேண்டும்.