பழைய இசை நிரல்களைக் காத்தல்: படைத்தவரின் இசைவே அடிப்படை

தாளில் அச்சிட்ட இசைக்குறிப்பு நூறாண்டு கழிந்த பின்னும் படிக்கக் கிடைக்கிறது. கணிப்பொறிக்கென எழுதப்பட்ட இசை நிரலுக்கு அத்தகைய ஆயுள் இல்லை. காந்தத் தட்டில் பதிந்த செய்தி நாளடைவில் மங்குகிறது. அதனைப் படிக்கும் பொறியும் வழக்கொழிந்து போகிறது. ஆகவே, நிரலைக் காக்கும் பணியில் காலத்தாழ்வு பெருங்கேடாகும்.

லக்னோவில் ஒரு முயற்சி

நம் நாட்டு இசையோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. லக்னோ மரபின் தபலா மேதை அஃபாக் ஹுசைன் கானிடம் பயின்ற இசை ஆய்வாளர் ஜேம்ஸ் கிப்பனும், பிரெஞ்சுக் கணிப்பொறி அறிஞர் பெர்னார் பெல்லும் 1980-களில் ‘போல் பிராசசர்’ என்னும் நிரலை உருவாக்கினர். ‘போல்’ என்பது தபலாவின் அடிகளை வாயால் சொல்லும் சொற்கட்டாகும். ‘காயிதா’ என்னும் உருப்படியில் சொற்கட்டுகள் மாறிவரும் முறையை அவர்கள் இலக்கண விதிகளாக வகுத்தனர். அவ்விதிகளின்படி கணிப்பொறி புதிய கோவைகளை இயற்றியது. மரபறிந்த கலைஞர் அவற்றுள் தகுவனவற்றை ஏற்று, தகாதனவற்றைத் தள்ளினார். அதற்கேற்ப விதிகள் திருத்தப்பட்டன. இவ்வாறு, வாய்மொழியாக வந்த அறிவின் ஒரு பகுதி நிரலில் பதிவாயிற்று.

ஆப்பிள் 2 வகைப் பொறியில் தொடங்கிய இந்நிரல் பின்னர் மெக்கின்டாஷுக்கு மாறியது. அந்தப் பழைய பொறிகள் மறைந்த பின்னும் இன்றைய கணிப்பொறிகளில் அது இயங்குகிறது. மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பரப்பவும் படைத்தவரே உரிமம் அளித்தமையே இதற்குக் காரணமாகும்.

சட்டமும் காலமும்

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 1984-இல் திருத்தப்பட்டபோது கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்புகளுள் சேர்த்தது. படைத்தவரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1985-இல் நிரல் எழுதிய ஒருவர் 2020-இல் மறைந்திருந்தால், 2080 முடிய அது காப்புடையது. அதுவரை காந்தத் தட்டு காத்திராது. நிரலை முறையாகப் பெற்றவர் தம் பயனுக்குக் காப்புப்படி எடுக்கலாம். பிறருக்கு வழங்க இசைவு வேண்டும்.

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, அச்சிட்ட இசைத்தாள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் வேறு இரு நூலகங்களுக்கும் சென்று சேர வேண்டும். இசை நிரலுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

செய்யத்தக்கவை

படைத்தவர் வாழும் காலத்திலேயே அவரது இசைவை எழுத்தில் பெறுதல் முதற்கடமை. படி எடுத்தல், புதிய பொறிக்கு மாற்றுதல், பொதுமக்களுக்கு வழங்குதல் ஆகிய மூன்றும் அதில் தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். பணியின் பொருட்டு எழுதிய நிரலாயின், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து உரிமை பணியளித்தவருக்கே உரியது. அவரது இசைவும் தேவை. மூல நிரல், கையேடு, அந்நிரல் இயற்றிய இசையின் ஒலிப்பதிவு ஆகியவற்றையும் உடன் பெறல் நலம். தட்டின் செய்தி முழுவதையும் அப்படியே படியெடுத்தால், பழைய பொறியைப் போல் நடந்துகொள்ளும் போலிமை நிரலைக் கொண்டு அதனை இயக்கலாம்.

இசை மரபை நிரலில் பதித்திருப்பின், அதனைக் கற்பித்த கலைஞரின் இசைவையும் நாடுவதே முறை. நிரலை எழுதியவர் ஒருவர்; அதற்குப் பொருள் தந்தவர் மற்றொருவர். இருவரும் மனமுவந்து தந்த செல்வமே தயக்கமின்றி அடுத்த தலைமுறையின் கையில் சேரும்.